கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்தார்

செத்தவர்களைப் பேச வைக்கிறேன் என்று வருகிற கோடாங்கிகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒருவரை அண்ணி கூட்டி வந்தார். மண்சரிவில் போன என் அண்ணன் ஒரு தடவையாவது தன்னிடம் பேச வேண்டுமாம். அந்த ஆளின் பொய்யை உடைக்கத்தான் நான் போய் உட்கார்ந்தேன்.

அண்ணனுக்குப் பிடித்த ரொட்டியும் தேத்தண்ணியும் முன்னால் இருந்தன. கோடாங்கி உடுக்கை அடித்து, உடம்பை உலுக்கி, "வந்துட்டேன்" என்றார்.

"வந்தது எங்கண்ணன்னா, நான் கடைசியா என்ன சொன்னேன்னு சொல்லுங்க பாப்பம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். உடுக்கையைக் கீழே வைத்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச ஆளு நீங்கதான். இங்கயே சொல்லிருங்க. அதுக்குத்தான் எங்களக் கூப்பிடுறாங்க."

திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. மலைக்கடியில் இருந்த லயத்து வீட்டை விட்டு வரச் சொல்லி அண்ணனோடு சண்டை போட்டிருந்தேன். அவர் மறுத்ததும், "அப்ப மண்ணுக்குள்ளயே கெட" என்று கத்திவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், அண்ணி கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரத்தில் மலை இறங்கியது. யாரிடமும் சொல்லாத இதை அண்ணி முன்னால் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார் அண்ணி. "அன்னைக்கே சொல்லிச் சிரிச்சாரு. பயந்துட்டா இவனுக்கு வாய் கெட்டுப்போகும்னாரு."

அண்ணன் பேசியது எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. கோடாங்கிகளை இன்றும் நான் நம்புவதில்லை. தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை மட்டும் பசறை பஸ்ஸில் கண்டால், எழுந்து இடம் கொடுக்கிறேன்.