ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் ஓர் அமெரிக்கச் சபையின் கட்டடத்தில் ஞாயிறு மதியம் ஆராதனை நடத்துவோம். அப்போது நான் சபைச் செயலாளர். ஊரில் அது கௌரவமான பதவி. இங்கே, பார்க்கிங்கில் யாருடைய வண்டி யாரை மறித்து நிற்கிறது என்று மைக்கில் அறிவிக்கும் வேலை.

பாடகர் குழுவில் ஒரு பெண் இருந்தாள். டயாலிசிஸ் நர்ஸ். அவளும் அமெரிக்கப் பள்ளி ஆசிரியை ஒருத்தியும் பல வருஷங்களாக ஒரே வீட்டில் இருந்தார்கள். ரூம்மேட் என்று சபை ஒருமனதாக முடிவு செய்து வைத்திருந்தது. அந்த ரூம்மேட் ஞாயிறு தவறாமல் வந்து, ஒரு வார்த்தை புரியாமல் பிரசங்கம் முழுவதையும் கேட்டு, யாரும் தொடாத ஒரு சாலட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ஒரே பாலினத்தவர், கல்யாணம் என்ற பெயர் இல்லாமல், தம்பதியாக வாழ வழிசெய்யும் சிவில் யூனியன் சட்டம் நியூ ஜெர்சியில் வந்ததும் இருவரும் பதிவு செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார்கள். அதோடு சபையில் ரூம்மேட் என்ற பேச்சு நின்றது.

நர்ஸ் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணா, எங்களுக்கும் ஓலை வாசிப்பீங்களா? இல்லேன்னா விசேஷத்துல வந்து உக்கார மாட்டேன்னு அம்மா சொல்றாங்க."

இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று முன்கூட்டியே சபையில் அறிவிப்பதை எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா வரவில்லை, மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எப்படியும் வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அம்மா இந்த நிபந்தனையைப் போட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

கமிட்டி கூடியது. வேத வசனங்கள் கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் பறந்தன. பிறகு ஓர் ஆன்ட்டி, தன் கணவர் படுத்த படுக்கையாக இருந்தபோது அந்த இருவரும்தான் மாறி மாறி டிரைவ் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள் என்றார். சபையில் பாதிப் பேர் அந்தக் காரில் ஏறியவர்கள். வசனம் சொன்னவரும்தான்.

"கல்யாணம்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் போதகர். "கவர்மென்ட்டும் சொல்லல. சிவில் யூனியன்னே வாசிங்க. விசேஷத்தன்னிக்கு நான் வந்து ஜெபம் பண்றேன்."

மீதி நேரமெல்லாம் விருந்துக்குப் பிரியாணி மட்டனா சிக்கனா என்பதில் போயிற்று. உண்மையான கருத்து வேறுபாடு அதில்தான் இருந்தது.

எனக்கு இருந்த பயம் ஓர் அங்கிளைப் பற்றியது. ஏசி, காப்பி, பிரசங்கத்தின் நீளம் என்று எதையாவது ஆட்சேபிக்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவரை நானே மைக்கில் அழைக்கப் போகிறேன்.

ஞாயிறு வந்தது. ஆசிரியையை, பென்சில்வேனியாவில் இருக்கும் அவளுடைய பெற்றோரின் பெயரோடு வாசித்தேன். நர்ஸை வெறும் பெயரோடு வாசித்தேன். தன் பெயரை எடுக்கக் கூடாது என்று அப்பா ஊரிலிருந்து சொல்லியனுப்பியிருந்ததால், அவளே அப்படித்தான் கேட்டிருந்தாள். "ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்," என்று முடித்தேன்.

அங்கிள் எழுந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாராவாரம் என் காரில் வரும் இந்த மனுஷனை அடுத்த வாரம் யார் கூட்டிவருகிறார்கள் பார்க்கலாம் என்று, கையில் வேதாகமத்தோடு நின்றபடி நினைத்தேன்.

"செக்ரட்டரி, அந்தப் பொண்ணு யாரோட மகள்னு வாசிக்கலியே. அநாதைப் பிள்ளையா அது? அப்படி ஒரு ஓலைய நான் கேட்டதே இல்ல. அதான் என் ஆட்சேபணை."

பதில் எனக்குத் தெரியும். மைக்கில் சொல்லக்கூடிய பதில் இல்லை. பாடகர் குழுவில் அவள் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பார்க்கப் பொறுக்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தார். வந்த நாளிலிருந்து சபையில் அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"தம்பி, அவ அப்பா பேரச் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. என் பேரப் போட்டு வாசிங்க. நாந்தான பெத்தேன்."

அங்கிள் சற்று யோசித்தார். "அப்ப எனக்கு ஆட்சேபணை இல்ல," என்று உட்கார்ந்தார்.

இப்போது வேறொரு சங்கடம். ஒரு மாதமாக ஆன்ட்டி, ஆன்ட்டி என்றே கூப்பிட்டதில் அவர் பெயர் எனக்குத் தெரியாது. மைக்கிலேயே கேட்க வேண்டியதாயிற்று. அவர் முன் வரிசைவரை கேட்கும்படி சொன்னார்.

ஓலையை முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன். இந்த முறை இன்னாருடைய மகள் என்று அவர் பெயரைச் சொன்னேன். வாசித்து முடிக்கும்வரை அம்மா உட்காரவில்லை.