கலண்டர் தாளின் பின்பக்கம்

அக்கா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா நேரம் தவறாதவர், நான் அப்படியல்ல. இக்கட்டுரையைக்கூட அச்சகத்தார் மூன்று தரம் கேட்ட பிறகே கொடுத்தேன். அக்கா இருந்திருந்தால் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

அக்கா கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அப்பா புறக்கோட்டையில் துணிக்கடை விற்பனையாளர். அம்மா காலமானபோது எனக்கு மூன்று வயது. அன்று முதல் என்னை வளர்த்தவர் அக்காதான். இனக்கலவரத்தில் வீட்டை இழந்து வெள்ளவத்தைக்கு வந்தோம். அப்பா பாரிசவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து படுக்கையானார். அக்கா கப்பல் நிறுவனமொன்றில் தட்டெழுத்தாளராகி வீட்டைச் சுமந்தார். அவருக்கென்று இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: வேலையை விடாமல் வெளிவாரியாகப் படித்துப் பட்டதாரியாவது.

"சண்டை முடியட்டும், பிறகு ஆறுதலாப் படிக்கலாம்தானே அக்கா" என்பேன்.

"அலை ஓய்ஞ்ச பிறகோ கடல்ல குளிக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கொப்பியை விரிப்பார்.

தினமும் முதல்நாள் கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்றைய வேலைகள் மூன்றை மட்டும் எழுதுவார். நான்காவது கிடையாது. கடினமானது முதல் வரி. அதை மனம் தெளிவாயிருக்கும் நாலரை மணிக்கே தொடங்குவார், மின்வெட்டென்றால் மெழுகுதிரி. முடிந்ததும் ஒரு கோடு. தாளின் முன்பக்கத்து ராகு காலத்தை அவர் மதித்ததேயில்லை. "என்ர ராகு காலம் மத்தியானம் ரெண்டு மணி. கண் சொருகேக்க பாடம் ஏறாது" என்று, விடுமுறை நாளில் அந்நேரம் உடுப்பு மடிப்பார், அப்பாவுக்கு நகம் வெட்டுவார்.

இறுதிப் பரீட்சை நெருங்கிய நாட்களில், கண்டியில் சில மாதம் வேலை செய்துவிட்டு நான் வீடு திரும்பியிருந்தேன். கொழும்பில் தங்கும் தமிழர் எல்லோரும் பொலிஸில் பதிய வேண்டிய போர்க்காலம் அது; என் பெயரையும் மறுபடி பதிய வேண்டும். "தங்கச்சியின் பதிவு" என்று அக்கா மூன்று நாள் தொடர்ந்து தாளில் எழுதி என்னிடம் காட்டினார். "நாளைக்குப் போறன் அக்கா" என்று மூன்று நாளும் சொன்னேன். நான்காம் நாள் விடியும்போது எங்கள் வீட்டு ஒழுங்கையைப் பொலிஸார் சுற்றி வளைத்தார்கள். பதிவில் இல்லாத என்னை வாகனத்தில் ஏற்றினார்கள். அன்று ஒன்பது மணிக்கு அக்காவின் கடைசிப் பரீட்சை.

ஏழு மணிக்கே அக்கா என் பத்திரங்களோடு பொலிஸ் நிலையத்தில் நின்றார். துணைக்குக் கீழ்வீட்டுச் சிங்கள அன்ரி. "சோதனைக்குப் போங்கோ அக்கா!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அவர் அசையவில்லை. அன்ரி சிங்களத்தில் பேசிப் பேசி, பதினொரு மணிக்கு என்னை விடுவித்தார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் நான் விம்மி விம்மி அழுதேன். அக்கா சொன்னார்: "சோதனை வாற வருசமும் வரும். உன்னை வாற வருசம் எங்க போய்த் தேடுறது?"

பிறகு கைப்பையிலிருந்து தாளை எடுத்தார். 'பரீட்சை' என்ற முதல் வரிக்கு மேலே என் பெயரை இடுக்கி எழுதியிருந்தார். அதற்கு ஒரு கோடு போட்டார். நான் வெட்கிப்போனேன்.

அடுத்த வருடம் எழுதிச் சித்தியடைந்தார். நாற்பத்தொரு வயதுப் பட்டதாரிக்கு அப்பா இடது கையால் கற்கண்டு ஊட்டினார். எங்கள் வீட்டில் குறையொன்றும் இல்லாதிருந்த காலம் அது.

அப்பாவையும் வழியனுப்பிவிட்டுத்தான் அக்கா நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கும் கலண்டர் தாள் கேட்டார். உடம்பில் பலம் குறையக் குறைய மூன்று வரி இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. கடைசித் தாளில் இருந்தது இது: "வந்து பார்த்த எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும்." அதைச் செய்ய அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

நாளைக்கென்று தள்ளாமல் நான் சொல்கிறேன். இரவு பகல் பாராத வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், அக்காவோடு வேலை செய்த கந்தோர் நண்பர்களுக்கும், அன்றுபோலவே கடைசி வரை கூடநின்ற கீழ்வீட்டு அன்ரிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் அக்காவின் நன்றி, என் நன்றி.

அக்கா, கோடு போட்டுவிட்டேன்.