வெள்ளிக்கிழமை மூடிய வளையம்

எங்கள் ஆய்வுகூடம் நாறும். இதை நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. நான் செய்ய முயன்றது எட்டு அணுக்களால் ஆன ஒரு வளையம்: இரண்டு பொசுபரசு, இரண்டு நைதரசன், இடையில் நான்கு காபன். இரண்டு பொசுபரசும் சேர்ந்து ஒரு நிக்கல் அணுவைப் பிடிக்கவேண்டும். நாறுவது பொசுபரசுச் சரக்கு; வளையம் மூடினால் நாற்றம் போய்விடும். மூடாவிட்டால் பசை. ஒன்றரை வருடமாக எனக்குக் கிடைத்தது பசைதான்.

என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. எங்களுக்கு இருந்த ஒரே நல்ல மூக்கு, கூடத்தில் உதவிக்கு இருந்த அண்ணையுடையது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வாசலைத் தாண்டமாட்டார்.

"விரதத்தோடை உதுக்குள்ளை வரேலாது, பிள்ளை. கருவாட்டோடை உள்ளி அரைச்ச மாதிரிக் கிடக்கு."

கடைசியில் பேராசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "பொசுபரசுப் போத்திலிலை மிச்சம் இருக்கிறதை வைச்சு ஒருக்காச் செய்து பாரும். சரிவராட்டில் உம்மடை ஆய்வுத் தலைப்பை மாத்துவம்." தன்மையாகத்தான் சொன்னார். ஏசியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது.

அந்தக் கடைசித் தடவையும் ஒரு வெள்ளி. முதற்படி முடிந்ததும் அற்ககோல் முழுவதையும் பம்பு போட்டு இழுத்தெடுத்த பிறகுதான் வளையத்துக்கு நைதரசனைக் கொடுக்கும் அமீனைச் சேர்க்கவேண்டும். பம்பில் கை வைக்கிறேன், கரண்ட் போய்விட்டது. மின்வெட்டு நேரம் கதவில் ஒட்டியிருந்தது, ஒட்டியவளே நான்தான். வந்த ஆத்திரத்தில் சூடான அற்ககோலுக்குள்ளேயே அமீனை ஊற்றினேன். கோயில் திருவிழாவில் வாங்கிய பலூனில் நைதரசன் வாயுவை நிரப்பி, காற்றுப் புகாமல் குடுவையில் செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், நெற்றி நிறையத் திருநீற்றோடு அண்ணை உள்ளே என் கதிரையில் இருந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணை, இண்டைக்கு வெள்ளியெல்லோ?"

"ஓம். வெளியிலை சரியான வெக்கை. இங்கினை கொஞ்சம் காத்து வருகுது."

"மணக்கேல்லையோ?"

"என்ன மணக்கிறது?"

புகையை வெளியே இழுக்கும் விசிறியும் நின்றிருந்தது. நாறுவதென்றால் அன்றைக்கு ஊரே நாறியிருக்கவேண்டும். "உங்களுக்குத் தடிமனோ, மூக்கு அடைச்சிருக்கோ?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று தூள் படிந்திருந்தது. எனக்கு வந்த சிரிப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலேயே அண்ணையும் சிரித்தார்.

"மூக்கை ஆய்வேட்டிலை போடேலாது," என்றார் பேராசிரியர். தூளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, பொசுபரசைக் கோடுகளாகக் காட்டும் கருவி இருக்கிற கொழும்புக்கு அனுப்பினோம். அந்த ஐந்து நாளும் நான் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அலம்பித் திரிந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம்கூடப் பொசுபரசைப் பற்றிக் கதைத்தேன். ஆறாம் நாள் போனில் படம் வந்தது. பசையென்றால் புல்லுக்காடு மாதிரிக் கோடுகள் வரும். இதில் ஒரே ஒரு கோடு, நெட்டுக்குத்தாக. வளையம் மூடியிருந்தது.

படிகளில் ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் நீட்டினேன். இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தார்.

"நடுவிலை பம்பு போடாமல் விட்டது நல்ல யோசினை. எப்பிடி வந்தது?"

"கரண்ட் போயிட்டுது, சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு சொன்னார்: "தலைப்பு அப்பிடியே இருக்கட்டும்."

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.