வழிமொழிய ஆள் இல்லை

ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் குறிப்பெழுதுகிறவளுக்குக் காது இரண்டும் வேண்டும், வாய் மட்டும் கூடாது. எண்பதுகளின் பின்பாதியில், திருமங்கலம் பக்கத்து ஒன்றிய அலுவலகம் ஒன்றில் அந்த வேலையை நான் பார்த்தேன். வருஷக்கணக்கில் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள் கையில் கிடந்த ஒன்றியங்களுக்கு அப்போதுதான் தேர்தல் நடந்திருந்தது. சுற்று வட்டாரத்து ஊராட்சித் தலைவர்கள் எல்லாம் ஒன்றிய உறுப்பினர்களாக வந்து உட்கார்ந்தார்கள். இனிமேல் ஊர் வேலை ஊர்க்காரர்கள் வாயாலேயே நடக்கும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். கையில் மனுவோடு ஏதாவது ஓர் அலுவலக வாசலில் நின்று கால் கடுத்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு இதில் ஒன்றும் புதிதாக இருக்காது. வயிற்றெரிச்சலைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

இரண்டு தடவை பாஸ்

கூட்டம் பதினோரு மணிக்கு என்று நோட்டீஸ் போகும். காளவாசலில் பஸ் பிடித்து ஒன்பது மணிக்கே வந்து நாற்காலி துடைத்துப் போடச் சொல்லி, மைசூர்பாகும் மிக்சரும் வாங்கிவரச் சொல்லி நான் தயாராக இருப்பேன். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து சேரும்போது உச்சி வெயில் தாண்டியிருக்கும். வந்ததும் கையெழுத்து, அப்புறம் மிக்சர், அப்புறம் டீ. அதற்கப்புறம்தான் சேர்மன் என் பக்கம் திரும்பி, "வாசிம்மா" என்பார்.

கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு விஷயத்துக்கும் எங்கள் பாஷையில் 'பொருள்' என்று பெயர். இன்ன ரோட்டுக்குக் கிராவல் அடிக்க, இன்ன பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற என்று நான் ஒவ்வொரு பொருளாக வாசிக்க வேண்டும். பாதி வாக்கியம் முடிவதற்குள் மிக்சர் வாயோடு "பாஸ்" என்று குரல் வரும். எந்த ரோடு, எந்தப் பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்டதில்லை. ஒருநாள் ஃபேன் காற்றில் தாள் புரண்டு, சந்தைப்பேட்டைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பொருளை நான் இரண்டு தடவை வாசித்துவிட்டேன். இரண்டு தடவையும் பாஸ். பதறிப்போய் அலுவலக மேலாளரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "ரெண்டு தடவை பாஸானா என்னம்மா குடி முழுகிப் போச்சு? எதையும் நிறுத்துனாத்தான் நமக்குத் தலைவலி."

பார்வையாளர் பெஞ்சு

கூட்ட அறையின் கடைசியில் ஒரு பெஞ்சு கிடக்கும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்கலாம். பார்க்கத்தான் செய்யலாம், பேசக் கூடாது. அந்தப் பெஞ்சுக்குத் தவறாமல் வந்தவள் முத்துப்பேச்சி. ஓர் ஊராட்சியில் ஊருக்கு வெளியே, ரோட்டுக்குக் கிழக்கே இருந்த காலனிக்காரி. வயல் வேலைக்குப் போகிறவள். கூட்டத்தன்று கூலியை விட்டுவிட்டு வருவாள். படித்த பொம்பளை என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, என்னை டீச்சரம்மா என்றே கூப்பிட்டாள். அதைக் கேட்டு உறுப்பினர்களும் என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஓர் அடிபம்பு. காலனிக்குக் குடிதண்ணீர் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட்டு ஓடினால் வாய்க்காலில் மொண்டுகொள்வார்கள், தோட்டக்காரர் விரட்டினால் கண்மாய்க்குப் போவார்கள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பச்சைப் பிள்ளையைக் கண்மாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறோம் என்று சொன்னாள். சர்க்கார் பம்பு ஒதுக்கிவிட்டது. நிலத்தடி நீர் பார்க்கிற அதிகாரி வந்து காலனிக்குள் இடம் பார்த்து அடையாளக் கல்லும் நட்டுவிட்டுப் போயிருந்தார். மன்றம் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஒரு கோடைக் கூட்டத்தில் அந்தப் பொருளை நான் வாசித்தபோது பாஸ் என்ற குரல் வரவில்லை. அந்த ஊராட்சித் தலைவர் சீனிச்சாமி எழுந்து, "அங்கிட்டெல்லாம் பாறை. கோயில் மந்தையில போட்டா ஊருக்கே ஆகும்" என்றார். ஊருக்குள் கோயிலை ஒட்டிய அந்த மந்தைக்குக் காலனிக்காரர்கள் குடத்தோடு போக முடியாது என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். "அடுத்த கூட்டத்துல பாத்துக்குவோம்" என்றார் சேர்மன். முத்துப்பேச்சி ஏதோ சொல்ல எழுந்தாள். வாசலில் நின்ற டவாலிச் சேவகன் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "பேசுறது பூராம் எங்களப் பத்தி. நாங்க மட்டும் பேசக் கூடாதாக்கும்?"

மலைச்சாமி சத்தம் போட்டார்

உறுப்பினர்களில் மலைச்சாமி என்று ஒருவர். மற்ற நாளில் வாயில்லாப் பூச்சி. அவர் ஊர்க்காரர்கள் நாலு பேர் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். ஒருநாள் கப்பலூருக்குப் போகிற ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று மேசையைத் தட்டி, எங்கள் அலுவலகத்தின் தலைமை அதிகாரியான ஆணையாளரைப் பார்த்து, "சம்பளம் வாங்குறீகளா, சும்மா குந்தியிருக்கீகளா" என்று கேட்டுவிட்டார். டீ கிளாஸ் உருண்டு என் தாளெல்லாம் நனைந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் முகத்தில் அத்தனை பெருமை.

அந்த ரோட்டுக்கு எழுத்தில் ஒரு வரி அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பாஸ் ஆகியிருக்கும். ஊர்க்காரர்களை பஸ் ஏற்றிவிட்டு ஆணையாளர் அறைக்குள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். நனைந்த தாளைத் துடைத்துக்கொண்டு நான் அங்கேதான் நின்றேன். "மனசுல வச்சுக்காதீக சார். நம்ம ஆளுக வந்திருந்தாக, நாலு சத்தம் போட்டாத்தானே மரியாதை."

வெளிநடப்பு

அடுத்த கூட்டத்தில் அடிபம்புப் பொருள் மறுபடி வந்தது. முத்துப்பேச்சி பேரப்பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு இந்தப் பொருளையே முதலில் வாசித்துவிடுவது என்று நான் தாளை மேலே எடுத்து வைத்தேன்.

வாசிக்கத்தான் விடவில்லை. எங்கள் அறையில் கை வைத்த நாற்காலிகள் கொஞ்சம்தான். அன்றைக்குக் கடைசியாக வந்த ஓர் உறுப்பினருக்குக் கை இல்லாத நாற்காலி கிடைத்தது. தம் கட்சியை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அவர் எழுந்தார், அவரோடு பாதிப் பேர் எழுந்தார்கள். தேவையான எண்ணிக்கை இல்லாமல் கூட்டம் நின்றுபோனது. பச்சைப் பிள்ளை குளிக்கிற தண்ணீரை விட நாற்காலிக்குக் கை பெரிதாகப் போய்விட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரை மணி கழித்துப் பார்த்தால், போனவர்கள் அத்தனை பேரும் பின்கட்டில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன கூட்டத்தில் பாஸ் செய்த கறிச்சோறு. நான் பார்த்த பார்வை அந்த நாற்காலிக்காரருக்கு உறைத்திருக்க வேண்டும். "என்ன டீச்சரு அப்படிப் பாக்குறீக? வெளிநடப்பு செஞ்சது கூட்டத்துலதான். சாப்பாட்டுல இல்ல."

தங்கம்மாள் வாய் திறந்தார்

மகளிர் உறுப்பினர் என்று நியமிக்கப்பட்டிருந்தவர் தங்கம்மாள். சேர்மனுக்குத் தூரத்து உறவு. கூட்டத்துக்கு வருவார், கையெழுத்துப் போடுவார், சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். டீ கூட அவருக்குக் கடைசியாகத்தான் போகும். ஆனால் கூட்டக் குறிப்பில் அவர் பெயர்தான் எல்லாரையும் விட அதிகமாக வரும். ஒரு பொருள் நிறைவேற ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும் என்பது விதி. எங்கள் மன்றத்தில் யாரும் இரண்டையும் செய்ததில்லை, பாஸ் என்பதோடு சரி. பெயர்களை நாங்களே பிற்பாடு எழுதிக்கொள்வோம். ஆண்களில் ஒருவர் பெயரை எழுதினால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் என்று, வழிமொழிந்தவர் இடத்தில் தங்கம்மாளையே போட்டுவிடச் சொல்லியிருந்தார் மேலாளர். அடுத்த கூட்டம் தொடங்கும்போது அதை நான் எல்லாருக்கும் கேட்க வாசிப்பேன், சேர்மன் கையெழுத்துப் போடுவார்.

அடிபம்புப் பொருள் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போய், மறு கோடை வந்துவிட்டது. இந்தத் தடவை முத்துப்பேச்சியோடு காலனியே திரண்டு வந்து பெஞ்சிலும் வாசலிலும் நின்றது. நான் அடிபம்புப் பொருளை வாசித்தேன். திரண்டு நின்ற சனத்தைப் பார்த்ததும் மலைச்சாமிக்குக் கை தானாக எழுந்துவிட்டது. "நான் முன்மொழியுறேன்" என்றார். சீனிச்சாமி முறைத்தார். உடனே சேர்மனுக்கு விதி ஞாபகம் வந்தது. "வழிமொழிய ஆள் இருக்கா?" என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை ரோட்டுக்கும் சுண்ணாம்புக்கும் கறிச்சோற்றுக்கும் கேட்காத கேள்வி, ஒரு குடம் தண்ணீருக்கு வந்தது. அத்தனை பேரும் மிக்சர் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். "ஆள் இல்லேன்னா பொருள் விழுந்துபோச்சு. அடுத்ததை வாசிம்மா" என்றார். நான் தாளைத் திருப்பவில்லை.

சுவரோரத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "நான் வழிமொழியுறேன்" என்றார் தங்கம்மாள். சேர்மன் சிரித்தார். "உனக்கென்னத்தா இதெல்லாம் தெரியும், உக்காரு" என்றார். அவர் உட்காரவில்லை. "கூட்டம் ஆரம்பிக்கும்போது வாசிச்சாகளே, போன கூட்டத்துல அம்புட்டையும் வழிமொழிஞ்சது நாந்தான்னு. நீங்களும் கையெழுத்துப் போட்டீக. அது செல்லும்னா இதுவும் செல்லும்." சேர்மன் ஆணையாளரைப் பார்த்தார். ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விதிப்படி சரிதான்" என்றார். சேர்மன் வேறு வழியில்லாமல் பாஸ் என்றார். அந்த மன்றத்தில் முறைப்படி நிறைவேறி நான் பார்த்த முதல் தீர்மானம் அதுதான். நான் பேனாவை எடுத்தேன். தங்கம்மாள் என் மேசைக்கு வந்து குனிந்தார்: "இம்புட்டு நாளும் நான் சொல்லாததை எழுதுனீக டீச்சரு. இன்னைக்குச் சொன்னதை எழுதுங்க."

திறப்பு விழா

அடையாளக் கல் நட்டிருந்த இடத்திலேயே துளை போட்டார்கள். சீனிச்சாமி சொன்ன பாறையைக் காணோம். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பீறிட்டது. நல்ல தண்ணீர், உப்பு இல்லை. அதற்குத் திறப்பு விழா வேண்டும் என்று சேர்மன் ஆசைப்பட்டார். அதையும் குறிப்பெழுத நான் போனேன். பந்தல், மைக் செட், மாலை. மந்தையில் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற சீனிச்சாமியே, இந்தக் காலனி மக்களுக்காகத் தாம் எவ்வளவு போராடினோம் என்று மைக்கில் பேசினார். தங்கம்மாளை யாரும் அழைக்கவில்லை.

சேர்மன் கைப்பிடியைப் பிடித்து நாலு அடி அடித்தார், தண்ணீர் கொட்டியது, எல்லாரும் கைதட்டினார்கள். முத்துப்பேச்சி புதுச் செம்பைத் தேய்த்து வைத்திருந்தாள். முதல் தண்ணீரைப் பிடித்து இரண்டு கையாலும் சேர்மனிடம் நீட்டினாள். அவர், "இப்பத்தாம்மா கலர் குடிச்சேன்" என்றார். செம்பு சீனிச்சாமி பக்கம் போனது. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொருவர் கையிலும் திருமங்கலத்தில் இருந்து ஐஸ்பெட்டியில் வந்த கலர் சோடா பாட்டில் இருந்தது. காலனிச் சனம் மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து போய்ச் செம்பை வாங்கி மடமடவென்று குடித்தேன். அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. செம்பைத் திருப்பி வாங்கி, மீதித் தண்ணீரில் பேரப்பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டபடி நிதானமாகச் சொன்னாள்: "அவுக குடிக்காட்டிப் போறாக டீச்சரம்மா. நாளைக்கு இந்தத் தண்ணிக்கு அவுககிட்டப் போயி நிக்க வேணாம்ல, அது போதும்."

பூமிக்கு அடியில் இருந்து மேலே வர அந்தத் தண்ணீருக்கு ஒரு பகல்தான் ஆனது, எங்கள் கூட்ட அறையைத் தாண்டி வரத்தான் இரண்டு கோடை ஆனது.