வெந்நீரும் டிராக்டரும்

என் கணவர் ஓய்வு பெற்றதும், மைசூர் விஜயநகர் வீட்டை விட்டு, ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தோட்டத்துக்குக் குடிவந்தோம். அங்கே அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு பழைய டிராக்டர். மார்கழிக் குளிரில் அது லேசில் கிளம்பாது. "இதை வித்துப்போடுங்க" என்று ஒருநாள் சலிப்பில் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடிவந்தார். பிரசவ வலி கண்ட மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன கார், வாய்க்கால் சேற்றில் இறங்கிவிட்டதாம்.

என் கணவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் முனகி அடங்கியது. இன்னும் இரண்டு தடவை திருப்பினால் பேட்டரியும் தீர்ந்துவிடும். குளிக்கக் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரை அப்படியே தூக்கிவந்தேன். இன்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாய் சூடாக வேண்டும் என்றார் அவர். துண்டுகளை வெந்நீரில் நனைத்து அதன்மேல் மாற்றி மாற்றிச் சுற்றினோம்.

"இப்பத் திருப்புங்க."

"நீதான வித்துப்போடச் சொன்னே?"

"அதை அப்பறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல திருப்புங்க!"

வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்ததும் கார் கரையேறியது. மத்தியானம் பெண் குழந்தை என்று செய்தி வந்தது.

தாயும் குழந்தையும் வீடு திரும்பிய அன்று, நாங்கள் பார்க்கக் கிளம்பினோம். நடந்தே போகிற தூரம்தான். அவரோ டிராக்டரில் போகலாம் என்றார். நானும் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.