காரின் பின்மூடியில் இரண்டு பெயர்கள்

காரின் பெயின்றில் ஒட்டிய பலாப்பாலை எடுக்க எண்ணெயும் பொறுமையும் போதும். எண்ணெய் எங்கள் வீட்டில் தாராளமாக இருந்தது.

அக்காவின் கலியாணத்தன்று ஐயாவின் கருநீல மொறிஸ் மைனரின் பின்மூடியில் அவளுடைய பெயரையும் அத்தானின் பெயரையும் வெள்ளித்தாளில் வெட்டி ஒட்டினார்கள். கோந்து முடிந்துபோக, பின்வளவுப் பலாவைக் கீறிப் பால் எடுத்துவந்து ஒட்டியவர் சித்தப்பா. மாரிமழையில் தாள் உரிந்து போனது. பிசின் போகவில்லை. அதில் புழுதி படிந்து இரண்டு பெயர்களும் கறுப்பாகத் தெரிந்தன. ஐயா அதைத் துடைக்கவில்லை. "மாப்பிள்ளை பொம்பிளையின்ரை கார், இருக்கட்டும்" என்று சிரிப்பார்.

ஆண்டு திரும்புமுன் அத்தான் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போவதற்கு முதல் நாள்தான் அம்மாவின் கண்ணில் அந்தப் பெயர்கள் பட்டன.

"உந்தப் பேருகளோடையே காரைக் கொண்டுபோகப் போறியள்? பிள்ளை உதைப் பாத்துக்கொண்டே ஏறுறது?"

ஐயா என்னிடம் தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் பழைய சாரத்துண்டையும் தந்தார். "பூசிப்போட்டு நல்லாய் ஊறவிடு. பிறகு மெல்லமாய்த் துடை. சுரண்டினியோ, தோலை உரிப்பன்." சொல்லிவிட்டுக் குருக்களைப் பார்க்கப் போனார்.

பூசினேன். பிசின் அசையவில்லை. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்குக் காத்திருப்பது அவமானம். அம்மா அடிப்பிடித்த சட்டியைச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்ப்பதைத் தினமும் பார்ப்பவன் நான். இரண்டையும் குசினியிலிருந்து கொண்டுவந்தேன். ஏடு தொடக்கிய நாளில் அரிசியில் எழுதியதுபோல, எழுத்தை விட்டு விலகாமல் ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்தேன். பிசின் போனது. பெயின்றும் போனது. வெறுந்தகட்டில் இரண்டு பெயர்களும் கலியாண நாளைவிடப் பளபளத்தன.

திரும்பிவந்த ஐயா பூவரசங்கம்பை முறித்தார். "நீ படிச்சு என்னடா கிழிக்கப்போறாய், கழுதை!"

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். எழுத்துகளை விரலால் தடவினாள்.

"அடிக்காதேங்கோ ஐயா. வடிவாய்த்தானே எழுதியிருக்கிறான்."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பின்மூடியில் ஒரு வேட்டியைக் கட்டி மறைத்துக்கொண்டு கீரிமலைக்குப் போனோம். கடற்காற்றில் அது விலகும்போதெல்லாம் அம்மா ஓடிப்போய் இழுத்துவிட்டா. அடுத்த கிழமை ஐயா காரைக் கராஜில் விட்டு எடுத்துவந்தார். எது பழைய பெயின்ற், எது புதியது என்று சொல்லமுடியாது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அன்று பின்னேரம் அக்கா கிணற்றடியில் என்னை மறித்தாள்.

"தம்பி, உன்னாலை திருப்பி அப்பிடித் தேய்க்க ஏலுமோ?"

"உங்களுக்கென்னக்கா, விசரோ? ஐயா கொல்லுவார்!"

"ஓம், ஓம். சும்மா கேட்டனான்."

பெயின்றைக் கெடுத்ததற்கு அடி வாங்கினேன். அந்தக் கணக்கு தீர்ந்தது. இதற்குப் பிறகு செய்ததற்கு என்னை யாரும் அடிக்கவில்லை. வீட்டுக்குள் ஓடி, அக்கா கேட்டதை ஒரு பகிடியாக எல்லோருக்கும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அறைக்கதவுக்குப் பின்னால் அக்கா நிற்பது தெரிந்தது. நான் பகிடியைச் சரியாகச் சொல்லவில்லையாக்கும் என்று எண்ணி, இன்னும் உரத்த குரலில், முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.