சேதராப்பட்டு கேட்டுல எழுபது நாற்காலி

எங்க தொழில்ல போன் எடுத்ததும் முதல்ல கேக்குற கேள்வி, "நல்லதா, கெட்டதா?" கல்யாணம்னா நாற்காலி மேடையப் பாத்து வரிசையா போகணும். சாவுன்னா தெருவுல ரெண்டு பக்கமும் எதிரெதிரா போகணும். மாத்திப் போட்டா சொந்தக்காரங்க நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. சாமியானா, நாற்காலின்னு கடை வச்சு அவஸ்தைப்படுற கூட்டாளிங்களுக்கு இத நான் சொல்லித் தெரிய வேணாம். ரெட்டியார்பாளையத்துல இருபத்திரண்டு வருஷமா கடை நடத்துறேன். வண்டி ஓட்டுறது வீட்டுக்காரர், வாய் மட்டும் என்னோடது.

மூணாவது ரகம்

செல்வின்னு ஒரு பொண்ணு போன் பண்ணா. சேதராப்பட்டுல மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யிற கம்பெனியில வேலை. எட்டு மணி நேரமும் மிஷின் முன்னாடி நின்னுகிட்டேதான் செய்யணும், உட்காரக் கூடாதுன்றது அங்க சட்டம். செல்விக்கு கால்ல நரம்பு சுருண்டு, சாயங்காலம் ஆனா செருப்புக்குள்ள பாதம் நுழையாது. ஒரு நாள் தாங்க முடியாம காலி டப்பா ஒண்ணக் கவுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கா. பத்து நிமிஷம்கூட இருக்காது. அன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. புருஷன் இல்ல, ஒரு மக பிளஸ் ஒன் படிக்குது, இந்த ஒரு சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது.

அவளையும் சேத்து அங்க வேலை செய்யிற பொம்பளைங்க எழுபது பேரும் வேலைய நிறுத்திட்டு வெளிய வந்துட்டாங்க. செல்விய திரும்ப எடுக்கணும், உட்கார ஸ்டூல் குடுக்கணும், நாலு வருஷமா நின்ன எடத்துலயே நிக்கிற சம்பளத்த ஏத்தணும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிஞ்ச கதை. போன்ல நான் வழக்கம்போல நல்லதா கெட்டதான்னுதான் கேட்டேன். அவ சொன்னா: "ரெண்டும் இல்லக்கா. ஸ்ட்ரைக்."

பழக்க தோஷம்

முதல் நாள் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல சாமியானா கட்டி நாற்காலி எறக்கினோம். ஸ்ட்ரைக்குக்கு எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியாதில்ல, கல்யாணத்துக்குப் போடுற மாதிரி கேட்டப் பாத்து வரிசையா போட்டுட்டேன். எல்லாரும் வந்து உட்கார்ந்தாங்க. ஒருத்தி ரெண்டு காலையும் நீட்டி, கண்ண மூடி, அப்பாடான்னு ஒரு பெருமூச்சு விட்டா. பாக்கவே நல்லா இருந்துச்சு.

பதினொரு மணி இருக்கும், சூப்பர்வைசர் என்ன நடக்குதுன்னு பாக்க வெளிய வந்தார். அவ்ளோதான், எழுபது பேரும் ஒரே நேரத்துல படக்குனு எழுந்து நின்னுட்டாங்க. அவருக்கே ஒண்ணும் புரியல, வந்த வழியே உள்ள போயிட்டார். அவர் போனதும் ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாத்துகிட்டு அப்படி ஒரு சிரிப்பு. சிரிச்சு முடிச்சதும் பாதிப் பேருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு, சம்பளத்தக் குடுத்து ஒடம்ப இப்படியாடா பழக்கி வச்சிருக்கீங்கன்னு. மத்தியானம் அவர் மறுபடியும் வந்தார். செல்வி திரும்பிக்கூட பாக்காம பக்கத்துல இருந்தவ முழங்கால்ல கைய வச்சு அழுத்தி மெதுவா சொன்னா: "ஒக்காரு. நாம இப்ப டூட்டில இல்ல."

அந்தப் பக்கமும் நாலு

மூணாம் நாள் போலீஸ் வந்துச்சு. கேட்டுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு, தள்ளிப் போடுங்கன்னாங்க. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் உட்கார்ந்திருக்கோம்னு செல்வி பேப்பர எடுத்துக் காட்டினா. இன்ஸ்பெக்டர் அத ரெண்டு தடவை படிச்சார். பேப்பர்ல இருக்கிற தூரத்துக்கு மட்டும் நகத்துங்க, மத்தபடி நீங்க உட்காரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னார். நல்ல மனுஷன். நாங்களும் நாலு கம்பப் பிடுங்கி தள்ளி நட்டோம்.

பந்தோபஸ்துக்கு வந்த நாலு போலீஸ்காரங்க காலையில இருந்து வெயில்ல அந்தப் பக்கம் நின்னுகிட்டே இருந்தாங்க. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் என்னத் தனியா கூப்பிட்டார். கேஸ் கீஸ் போடப் போறாரோன்னு நெனச்சேன். அவர் தொண்டையக் கனைச்சுகிட்டு சொன்னார்: "நாலு நாற்காலி அந்தப் பக்கமும் போடச் சொல்லும்மா, அவங்களுக்கும் காலுதான்."

மேனேஜர் போன்

அதே கம்பெனியில வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சாமியானா என்னோடதுதான். நம்ம தொழில்ல இந்த மாதிரி நிலையான ஆர்டர் கிடைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். அஞ்சாம் நாள் மேனேஜரே கூப்பிட்டார். குரல்ல அவ்ளோ மரியாதை. நாற்காலி இருக்கிறதாலதான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்காங்க, வெயில்ல நிக்கவிட்டா ரெண்டே நாள்ல உள்ள வந்துடுவாங்க, வண்டிய அனுப்பி எடுத்துடுங்க மேடம்னார்.

எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. யாரு போடச் சொன்னாங்களோ அவங்கதான் எடுக்கச் சொல்லணும் சார், சாவு வீட்லகூட பங்காளி வந்து சொன்னா நாங்க கம்பத்துல கை வைக்க மாட்டோம்னேன். அப்போ ஆயுத பூஜைக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்னு வச்சுட்டார். வாய் பெருசா பேசிடுச்சே தவிர, போன வச்சதும் போச்சே ஒரு ஆர்டர்னு உண்மையிலேயே வருத்தமா இருந்துச்சு. நியாயம் கேட்டு உட்கார்ந்தவங்க கீழ இருந்து நாற்காலிய உருவினா சோறு தொண்டையில எறங்காதுன்றதும் தெரிஞ்சுது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் டயருக்குக் காத்து அடிச்சுகிட்டே சொன்னார்: "விடு. பூஜைக்கு அவன் குடுக்கிற வடை என்னிக்குமே சூடா இருந்ததில்ல."

முசியே வீட்டு புதுநன்மை

ஸ்ட்ரைக் நீண்டுகிட்டே போச்சு. ஞாயித்துக்கிழமை அதே நாற்காலிய, எங்க ஊர்ல முசியேன்னு மரியாதையா கூப்பிடுற பெரியவர் ஒருத்தர், பேத்தி சர்ச்சுல முதல் தடவை நற்கருணை வாங்குற புதுநன்மை விருந்துக்கு எப்பவோ சொல்லி வச்சிருந்தார். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன்ல இருக்கிறவர். அஞ்சு நிமிஷம் லேட்டானாலே நம்மள வாசல்லயே நிக்கவச்சுக் கேள்வி கேக்குற ஆள். இருக்கிறதுல பாதிதான் தர முடியும்னு சொல்ல நேர்லயே போனேன், திட்டு வாங்க ரெடியா.

ஏன்னு கேட்டார், சொன்னேன். க்ரேவான்னு கேட்டார். பிரான்சுல ஸ்ட்ரைக்க அப்படித்தான் சொல்வாங்களாம். அங்க ரயில்காரன், டீச்சர், குப்பை அள்றவன் எல்லாருமே க்ரேவ் பண்ணுவான், நானே எத்தனையோ நாள் திட்டிகிட்டே வேலைக்கு நடந்திருக்கேன், ஆனா அவன் பண்ணவே கூடாதுன்னு சொன்னதில்லன்னார். அந்தப் பொண்ணு உட்கார்ந்ததுக்கா சஸ்பெண்டுன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டார். அப்புறம் லிஸ்ட எடுத்து நாற்காலி எண்ணிக்கைய அவரே அடிச்சுத் திருத்திட்டு சொன்னார்: "வர்றவங்கல்லாம் கோயில்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டுதானே வர்றாங்க, இங்க நிக்கட்டும்."

எழுபது கடுதாசி

பதினோராம் நாள் தொழிலாளர் ஆபீசுல பேச்சுவார்த்தை முடிஞ்சு செல்வி சாமியானாவுக்கு வந்தா. ஸ்டூல் குடுக்குறாங்களாம். சம்பளம் கேட்டதுல பாதி ஏத்துறாங்களாம். ஆனா செல்விய திரும்ப எடுக்கணும்னா, வேலை நேரத்துல உட்கார்ந்தது என் தப்புன்னு மன்னிப்புக் கடுதாசி எழுதித் தரணுமாம். அது ஃபைல்ல இருக்குமாம், இன்னொரு தடவை ஏதாவதுன்னா நேரா டிஸ்மிஸ்தானாம். செல்வி எழுதிடறேன்னுட்டா. என் ஒருத்திக்காக எல்லாரும் எத்தனை நாள் வெயில்ல கெடப்பீங்கன்னு பேனா கேட்டா. அவ மூஞ்சப் பாக்க எனக்கு மனசு வரல.

அப்போ இருக்கிறதுலயே சீனியரான ஒரு அம்மா அந்தப் பேனாவப் பிடுங்கி, எனக்கும் ஒரு பேப்பர் குடுன்னாங்க. நானுந்தான் உட்கார்ந்திருக்கேன், மாட்டிக்கல, அவ்ளோதானேன்னாங்க. அடுத்தவ கேட்டா, அதுக்கடுத்தவ கேட்டா. எழுதத் தெரியாத ரெண்டு பேருக்கு நான் எழுதிக் குடுத்தேன். எழுபது கடுதாசி, எதுலயும் மன்னிப்புன்ற வார்த்தை இல்ல. பாத்ரூம்ல போய் உட்கார்ந்தேன்னு ஒருத்தி, அட்டைப்பெட்டிக்குப் பின்னால உட்கார்ந்தேன்னு ஒருத்தி. ஆறு மாசம் வயித்துல புள்ளையோட இருந்தப்ப மூணு தடவை உட்கார்ந்தேன், மூணு தடவையும் சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார்னு இன்னொருத்தி. எல்லாரும் கீழ பேரெழுதி கையெழுத்துப் போட்டுக் கட்டா குடுத்துட்டாங்க.

மேனேஜர் கேட்டுகிட்டயே நின்னு படிச்சார். அஞ்சாறு கடுதாசி புரட்டினதும் நிறுத்திட்டார். உட்கார்ந்ததுக்காக ஒருத்திய வேலைய விட்டு அனுப்பினா எழுபது பேரையும் அனுப்பணும், மூடி செய்ய ஆள் இருக்காது. கட்ட மடிச்சு கக்கத்துல வச்சுகிட்டு, யாரையும் பாக்காம சொன்னார்: "செல்விய நாளைக்கு காலை ஷிஃப்டுக்கு வரச் சொல்லுங்க."

மறுநாள்

மறுநாள் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போற பஸ்ல இருந்து செல்வி கூப்பிட்டா. பின்னாடி ஒரே சிரிப்பும் கத்தலுமா கேட்டுச்சு. ஸ்டூல் வந்துடுச்சா, யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு நான்பாட்டுக்குக் கேட்டுகிட்டே இருந்தேன். அவ சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான்: "அக்கா, செருப்பு நுழையுது."

ஜனங்களுக்கு நாற்காலி போடுறதயே பொழப்பா வச்சிருக்கிற எனக்கு, அதுல உட்கார ஒரு உரிமை வேணும்னும், அதுக்கும் கேட்டு வாசல்ல பதினோரு நாள் உட்காரணும்னும் இப்பத்தான் தெரிஞ்சுது.